மூன்றாவது மணிக்குள்

வாஷிங் மெஷினுக்கும் வாய் உண்டு. சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். கடகடவென்று உருண்டால் பேரிங் போய்விட்டது. டக் டக் என்று விட்டுவிட்டு அடித்தால் யாரோ சட்டைப் பையில் சில்லறையையோ சாவியையோ விட்டுவிட்டுத் துணியைப் போட்டிருக்கிறார்கள். கீச்சென்று இழுத்தால் பெல்ட். ஒன்றுமே பேசாமல் ஊமைக்கோட்டான் மாதிரி நின்றால் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. முக்கால்வாசி வீட்டில் இந்தக் கடைசிக் கோளாறுதான்.

அந்த மெஷின்களை விற்கிற கம்பெனியின் ஹெல்ப்லைனில் நான் வேலை பார்த்தேன். போன் செய்கிறவர்களிடம், "போனைக் கொஞ்சம் மெஷின் மேல வைங்கம்மா, அது என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்பேன். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் வரிசையாக வருகிற கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். நான் காதாலேயே முடித்துவிடுவேன். ஆபீசில் எனக்குப் பெயரே காதக்கா. டீம் லீடர் என்னைவிட ரொம்பச் சின்னப் பெண், அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நானும் உச்சி குளிர்ந்துபோய் அவளை மேடம் என்பேன்.

ஆபீசில் சட்டம் நிறைய. மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு பேச்சில் இடைவெளி விழக்கூடாது, மௌனம் நீண்டால் மார்க் போய்விடும். பின்னால் வேறு சத்தம் எதுவும் கேட்கக்கூடாது. கடைசியாக, அவரவர் ஐடியில் அவரவர்தான் பேச வேண்டும். இந்தக் கடைசிச் சட்டம்தான் என் தலையில் கல்லைப் போட்டது.

தொற்று வந்ததும் ஆபீசை இழுத்துப் பூட்டினார்கள். கம்ப்யூட்டரையும் ஹெட்செட்டையும் அட்டைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இவருடைய ஓட்டலையும் மூடினார்கள். என் வீட்டுக்காரர் பெரிய ஓட்டலில் ரிசப்ஷன் மேனேஜர். டை கட்டிக்கொண்டு, வெல்லம் தடவின மாதிரி பேசுகிற வேலை. ஆபீஸ் எனக்குக் கம்ப்யூட்டர் அனுப்பியது, ஓட்டல் இவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பியது. அதோடு சரி.

எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. படுக்கையறையில் பாப்பாவுக்கு ஆன்லைன் வகுப்பு. ஹாலில் இவருக்கு டிவியும் சோகமும். எனக்குச் சமையலறையில் பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது சுகம் என்று எவன் சொன்னானோ, அவன் வாயில் மண் விழ. ஒரு அழைப்பு முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒரு பாத்திரம் கழுவுவேன். அடுத்தது முடிந்தால் அடுப்பைக் கிளறுவேன். "உங்கள் அழைப்புக்கு நன்றி" என்று நான் சொல்லி முடிப்பதற்கும் ஹாலிலிருந்து "ஏய், ஒரு டீ" என்று வருவதற்கும் அப்படி ஒரு பொருத்தம்.

ஆனால் பொய் சொல்ல மாட்டேன், இவர்மேல் எனக்குப் பாவமாகவும் இருந்தது. ஒருநாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். எனக்குக் கேட்காமல் இருக்குமா? என் பிழைப்பே காதுதானே. அன்று சாயங்காலம் இவரை என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பதிவான அழைப்பு ஒன்றைப் போட்டுக்காட்டினேன்.

"இது என்ன சத்தம், சொல்லுங்க பாப்போம்?"

"மெஷின் சத்தம்."

"அடேங்கப்பா, பெரிய கண்டுபிடிப்பு. எங்க கோளாறுன்னு சொல்லுங்க."

"தெரியலடி."

"கீச்சுங்குதுல்ல? பெல்ட்."

சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். அதற்கப்புறம் அது எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. பெல்ட்டும் பேரிங்கும் பிடிபட்டன, மற்றதெல்லாம் வரவே இல்லை. காது என்பது அவசரப்படாமல் இருக்கத் தெரிவது. அது இவருக்கு வராது. ஆனாலும் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

பிறகு நோய் எனக்கு வந்தது. காய்ச்சலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. லீவு கேட்டு லீடருக்கு மெசேஜ் அனுப்பினேன். குரலிலேயே பதில் அனுப்பினாள்.

"அக்கா, தயவுசெஞ்சு லீவு மட்டும் கேக்காதீங்க. ஆளைக் குறை, ஆளைக் குறைன்னு மேலிருந்து நச்சரிக்கிறாங்க. தொடர்ந்து லாகின் ஆகாத ஐடியைத்தான் முதல்ல தூக்குவாங்க. எப்படியாவது உக்காந்துருங்க அக்கா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எப்படி உட்காருவது? நிற்கவே முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தவளை இவர் தாங்கிப் பிடித்தார்.

"நீ படு. நான் பேசறேன்."

வேண்டாம் என்று கையாட்டினேன்.

"அட, ஓட்டல்ல நான் பேசாத பேச்சா? நீ பக்கத்துல படுத்துக்க, சத்தத்தைக் கேட்டுக் கையைக் காட்டு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். வேலை போயிட்டா என்னடி பண்றது?"

என் கண்ணில் நீர் தாரை தாரையாய் வந்தது. எனக்கு வாய்த்த மாதிரி வீட்டுக்காரர் யாருக்கு வாய்ப்பார் என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

பாப்பாவிடம் படுக்கையறையை விட்டு வெளியே வராதே என்று சொல்லிவைத்தோம். சமையலறைத் தரையில் பாயை விரித்து என்னைப் போட்டார். மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு இவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டோம். ஒரு விரல் காட்டினால் பெல்ட், இரண்டு விரல் பேரிங், உள்ளங்கையை விரித்தால் கதவு. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போடும், கண் செருகும், ஆனால் மெஷின் சத்தம் வந்ததும் கை தானாக எழும். இவர் என் கையைப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வெல்லக் குரலில் சொல்வார்: "மேடம், கவலையே படாதீங்க. இது பெல்ட் பிரச்சினை."

ஒரு பெண் சொன்னாள், "அப்பாடா. ஆம்பளை ஒருத்தர் பேசினாத்தான் சார் ஒரு தெம்பு. மெஷின் விஷயம் பாருங்க, பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்?" நான் தரையில் ஒரு விரலைத் தூக்கிப் பிடித்தபடி கிடந்தேன். இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். அது வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.

காய்ச்சல் விட்டது. கரகரவென்று கொஞ்சம் குரலும் வந்தது. "நாளைக்கு நான் உக்காந்துக்கறேங்க" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், தேறிக்க" என்றார். அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு நடுவில் லீடர் என் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன், இவரும் பக்கத்தில் இருந்தார்.

"அக்கா, உங்க ஐடில ஆம்பளைக் குரல் வருது."

"மேடம், உடம்பு ரொம்ப முடியல. நீங்கதானே எப்படியாவது உக்காரச் சொன்னீங்க?"

"உங்களை உக்காரச் சொன்னேன். அவரையா உக்காரச் சொன்னேன்? ஐடியை இன்னொருத்தர் கையில குடுக்கறது பெரிய தப்புக்கா. மேல கேட்டுட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல. உங்க ஐடியை மூடிட்டாங்க."

"மேடம், ஒரே ஒரு தடவை பேசிப் பாருங்க மேடம். இந்த வேலைதான் வீட்டையே ஓட்டுது."

"கஷ்டமாத்தான்கா இருக்கு." கொஞ்சம் இடைவெளி விட்டாள். அவளுக்கு மட்டும் மார்க் போகாது போலிருக்கிறது. "ஆனா ஒண்ணு சொல்லட்டா? அந்தக் குரலுக்குக் கஸ்டமருங்க குடுத்திருக்கிற ரேட்டிங் பாத்து மேல அசந்துட்டாங்க. பின்னாடி குழந்தை கூப்பிடல, பாத்திரம் உருளல. உங்க வீட்டுக்காரர்தானே? எந்த ஷிப்ட்டுக்கும் வருவாரா? ஒரு இடம் காலி இருக்கு."

எந்த இடம் என்று எனக்குத் தெரியாதா?

இவரைப் பார்த்தேன். இல்லை மேடம், அது அவளோட வேலை என்று சொல்வார். அவளுடைய காது இல்லாவிட்டால் நான் ஒன்றுமே இல்லை என்று சொல்வார். போனைப் பிடுங்கி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பார். எதையாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எப்போ ஜாயின் பண்ணணும் மேடம்?" என்றார்.

அன்று நான் கத்தின கத்தலில் பாப்பா பயந்து காதைப் பொத்திக்கொண்டாள். இவர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். எல்லாம் அடங்கினதும், "யார் பேர்ல வந்தா என்ன? வீட்டுக்குத்தானே வருது?" என்றார். அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன்.

"அடிப்போடி, இதுக்குப் போய் அழுவாங்களா? ஆம்பளை வேலையில்லாம வீட்ல உக்காந்திருந்தா எவ்வளவு கேவலம்! உனக்கும் உடம்பு முடியல, குழந்தைக்கும் ஸ்கூல் இல்ல. சாமியாப் பாத்துக் குடுத்திருக்கு, வாயை மூடிக்கிட்டு இரு."

பெற்ற தாயே இப்படி என்றால் நான் யாரிடம் போய் மோதுவது? வாயை மூடிக்கொண்டேன். கம்ப்யூட்டரையும் ஹெட்செட்டையும் திருப்பி அனுப்புகிற வேலைகூட இல்லை. ஹெட்செட்டின் பஞ்சை மட்டும் துடைத்துவிட்டு இவர் மாட்டிக்கொண்டார். ஸ்டூல் ஹாலுக்குப் போனது. இவர் வேலை பார்க்கும்போது டிவி கிடையாது, குக்கர் கிடையாது, நாங்கள் வாய் திறக்கவும் கிடையாது. எனக்கு மட்டும் ஏன் அந்த ஹால் கிடைக்கவில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஆபீஸ் மறுபடி திறந்தது. பள்ளிக்கூடம் திறக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆபீசில் நாங்கள் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையே காணாமல் போனது. எங்கள் வரிசையில் 'பெரிய தொண்டை' என்று ஒருத்தி உண்டு, மாமனார் படுத்த படுக்கை, வீட்டில் அவளை விடவில்லை. இன்னொருத்திக்கு வீட்டில் ஒரே போன், இரண்டு பிள்ளைகளுக்கு வகுப்பு, அவள் தானாகவே நின்றுவிட்டாள். சிரிப்பழகி என்று ஒரு பெண், புகுந்த வீட்டில் வெளியே போய் நோயைக் கொண்டுவராதே என்று செருப்பையே ஒளித்துவைத்துவிட்டார்களாம். இவர் ஆபீஸ் போய்விட்டு வந்து, "உன் வரிசைல ஒரு பொம்பளைகூட இல்ல. நல்லா அமைதியா இருக்கு" என்றார்.

அமைதியாக எத்தனை நாள் ஓடும்? பெல்ட், பேரிங் தவிர வேறு எது வந்தாலும் இவர் முழித்தார். ஒருநாள் மத்தியானம் என் போன் அடித்தது. எடுத்தேன். ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை. கரகரவென்று ஒரு மெஷின் சத்தம். அப்புறம், சொல்லு என்கிற மாதிரி இவருடைய இருமல். மேசைக்கு அடியில் தன் சொந்தப் போனை வைத்துக்கொண்டு, ஹெட்செட்டை அதனோடு ஒட்டிப் பிடித்திருக்கிறார். தரையில் கிடந்து விரல் காட்டினேனே, அதே ஏற்பாடு.

"தண்ணி வெளிய போற குழாய்ல அடைப்பு. கீழ ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்து துடைக்கச் சொல்லுங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? இவருக்கு வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது, அது ஒன்று. இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பிறகு தினமும் கூப்பிட்டார். அடுப்பைக் கிளறிக்கொண்டு, பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டு, ஒரு காதில் நான் மெஷின்களைக் கேட்டேன். பெயர் இவருக்கு. மாதத்தின் சிறந்த குரல் என்று ஒரு கோப்பைகூடக் கொண்டுவந்து பிரிட்ஜ் மேல் வைத்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு காலையில் லீடர் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க வேணாம்னுட்டீங்களாமே? எவ்ளோ கஷ்டப்பட்டு மேல பேசினேன் தெரியுமா?"

"எதை மேடம்?"

"சாருகிட்ட சொன்னேனே. வீட்டிலிருந்தே பாக்கற மாதிரி ஒரு இடம். பழசையெல்லாம் மறந்து உங்களை மறுபடி எடுத்துக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. ஒரே வீட்ல ரெண்டு பேருன்னா இருக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும், அதான் ரூல். அவளுக்கு இஷ்டமில்ல, குழந்தையைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கான்னு சார் சொல்லிட்டாரு. வேற பையனைப் போட்டாச்சுக்கா."

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திருடினவன்கூட ஒருமுறைதான் திருடுவான். இவர் எடுத்ததையே மறுபடி எடுத்திருக்கிறார். சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"ஆமா, சொன்னேன். நீயும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டா பாப்பாவை யாரு பாக்கறது? சோறு யாரு ஆக்கறது?" டையைக் கழற்றிக்கொண்டே, கொஞ்சம் தணிந்து சொன்னார், "அதுவும் இல்லாம, நான் கூப்பிடறப்போ நீ வேற லைன்ல இருந்தா நான் என்ன பண்றது?"

இதுதான் காரணம். வாய் தவறியாவது நிஜத்தைச் சொன்னாரே.

அன்றே முடிவு பண்ணினேன். நாளைக்குப் போன் வரும். எடுப்பேன். பேச மாட்டேன். ஒரு அட்சரம் சொல்ல மாட்டேன். அங்கே எல்லார் முன்னாலும் முழிக்கட்டும். ஒருநாள் முழிக்கட்டும், இரண்டுநாள் முழிக்கட்டும், காது யாருடையது என்று கம்பெனிக்குத் தெரியட்டும். என் இடத்தை நான் வாங்க எனக்கிருந்த ஒரே வழி அதுதான். மனசுக்குள் கல்லைப் போட்டு மூடிக்கொண்டேன்.

மறுநாள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். ஒரு பெண்ணின் குரல், அழுதுவிடுகிற மாதிரி.

"வீட்ல மூணு பேருக்குக் காய்ச்சல் சார். துணியெல்லாம் குவிஞ்சு கெடக்கு. நான் ஒருத்திதான். மெஷின் பாதில நின்னுடுச்சு, கீழெல்லாம் தண்ணி. இந்தச் சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு, கேளுங்க."

கேட்டேன். சூடான சட்டியில் தண்ணீர் தெளித்தது போல் சுர்ர்... சுர்ர்... என்றது. கசிகிற தண்ணீர் கரண்டு ஒயர்மேல் விழுகிறது. மெஷினின் உடம்பு முழுக்கக் கரண்டு இருக்கலாம்.

இவர் இருமினார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம்" என்றார். மறுபடி இருமினார். இந்த முறை வேகமாக. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன். தவிக்கட்டும். இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும்.

"சார்? இருக்கீங்களா? சரி, நானே கதவைத் திறந்து துணியை எடுத்துடறேன் சார். செருப்பும் இல்ல, தண்ணிக்குள்ளதான் நிக்கறேன், கால் ஊறுது..."

"தொடாதே!" என்று அலறினேன். அடுப்படியில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறினேன். "தொட வேணாம்னு சொல்லுங்க! தண்ணியை விட்டு வெளிய வந்து மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்க! சொல்லித் தொலைங்க!"

வெல்லக் குரல் நிதானமாகச் சொன்னது. "மேடம், எதையும் தொடாதீங்க. மெதுவா தண்ணியை விட்டு வெளிய வாங்க. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க."

காலடிச் சத்தம். ஏதோ ஒன்று டக்கென்று அணைந்தது. அந்தச் சுர்ர் நின்றது. பிறகு அந்தப் பெண் ஓவென்று அழுதாள்.

"ஐயோ சார், நீங்க இல்லன்னா நான் செத்திருப்பேன் சார். நீங்க நல்லா இருக்கணும்."

ஒரு நிமிஷம் இன்னும் கல்லாக நின்றிருந்தால் அவளைக் கொன்றிருப்பேன். இவரைத் தண்டிக்க எனக்கென்று இருந்தது ஒரே ஒரு மௌனம். அதற்கு எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றது, மூன்று நோயாளிகளுக்குத் துணி துவைக்கிற இன்னொருத்தி. எப்போதுமே அங்கே அவள்தானே நிற்பாள்? ஹெல்ப்லைனுக்குப் போன் செய்கிறவர்கள் வேறு யார்?

சாயங்காலம் இவர் ஒரு பெரிய கேக்கோடு வந்தார். ஆபீசே எழுந்து நின்று கைதட்டியதாம். அந்த உரையாடலைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் போட்டுக்காட்டப் போகிறார்களாம். லீடருக்கு மேலே இடம் கிடைக்கிறது, அடுத்த லீடர் இவர்தானாம். பாப்பா கேக்கைப் பார்த்துக் குதித்தாள். நானும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு" என்றார், க்ரீமை விரலால் வழித்துக்கொண்டே. "ஏன்டி அவ்ளோ நேரம் ஊமையா இருந்தே? ரெக்கார்டிங்ல கேட்டா எவ்ளோ பெரிய இடைவெளி தெரியுமா? அதுக்கு மார்க் கட் பண்ணிட்டாங்க. அதான் அங்க இருந்து கத்திக் கத்திப் பேசிட்டே, அதை முதல்லயே பேசியிருக்கலாம்ல?"

"அவ செத்துப்போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"நீ இருக்கியே, எப்படிச் சாவா?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது.

காலையில் கிளம்பும்போது என் போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், கை எட்டுகிற இடத்தில் வைத்தார். பாப்பாவிடம், இனிமேல் அம்மா போனில் விளையாடக்கூடாது, அது எப்போதும் ஃப்ரீயாக இருக்க வேண்டும் என்று சொன்னார். பிறகு கண்ணாடியைப் பார்த்து டையைச் சரிசெய்துகொண்டே என்னிடம் சொன்னார்.

"இனிமே லேட் பண்ணாதே. மூணாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுத்துடு."

நான் இவருக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம்தான். எடுக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு கைநிறையச் சோப்பு நுரையோடு நின்றேன். மத்தியானம் அது அடித்தது. ஒருமுறை அடித்தது. அந்தப் பக்கத்தில் தண்ணீருக்குள் யார் நிற்கிறாளோ என்று நினைத்தேன். இரண்டாவது முறை அடித்தது. கையைப் புடவையில் துடைத்தேன்.

மூன்றாவது மணிக்குள் எடுத்தேன்.